காற்று என்றே நினைத்தோம்

மலேசியாவின் ஜொகூரில் யாருக்கு எங்கே வலித்தாலும் பழி காற்றின் மேல்தான். தம்போயில் எங்கள் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவை நான் மக்சிக் என்று கூப்பிடுவேன். நாம் அத்தை என்பதுபோல. தலைவலி என்றால் போதும், "அங்கின் லா" என்று தைலப் புட்டியோடு வந்துவிடுவார். காற்று உள்ளே நுழைந்துவிட்டதாம். கல்யாணமாகி வந்த புதிதில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். தென்காசியில் என் அம்மா எதற்கெடுத்தாலும் வாய்வு என்று பெருங்காய டப்பாவைத் திறப்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

என் கணவர் செல்வம் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, கால் எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு படுத்துக் கிடந்தார். கட்டைப் பிரித்த பிறகு அந்தக் கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தது. அடிபட்ட கால்தானே என்று விட்டுவிட்டோம். ஒரு காலையில் வாசல் கேட் வரை போய்த் திரும்பியவருக்குத் திடீரென்று மூச்சு இரைத்தது.

"ஒன்னும் இல்ல லா, கோமு. மூச்ச இழுத்தா இங்க குத்துது, அவ்வளவுதான்," என்று விலாவைக் காட்டினார்.

மக்சிக் வந்து தைலம் தேய்த்தார். போனில் அம்மா, "வாய்வுப் பிடிப்புதான்டி. மாப்பிள்ளைக்கு மோர்ல பெருங்காயம் கரைச்சுக் குடு," என்றாள். கடல் தாண்டி வந்தும் வைத்தியம் மாறவில்லை. கரைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு இருமினார், கைக்குட்டையில் ரத்தம். அவர் நெஞ்சில் கை வைத்தால் படபடவென்று அடித்துக்கொள்கிறது. மக்சிக் தைலப் புட்டியைப் போட்டுவிட்டுக் கார் சாவியை எடுத்தார்.

டாக்டர் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பெருங்காய டப்பா இல்லாத வீடு நம்மில் ஏது? அசையாமல் கிடந்த காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கிறது. அறுவைச் சிகிச்சை, பிரசவம், நம்மைப் போன்றவர்களின் நீண்ட விமானப் பயணம், எதற்குப் பிறகும் இது வரலாமாம். ஒரு கால் மட்டும் வீங்கினால் எண்ணெய் போட்டுத் தேய்க்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். திடீர் மூச்சிரைப்போ, மூச்சை இழுத்தால் குத்தலோ, மயக்கமோ, இருமலில் ரத்தமோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எல்லாம் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஊசி மருந்து ஏறி, அவர் சீராக மூச்சுவிடத் தொடங்கியதும் அம்மாவைக் கூப்பிட்டேன். "மாப்பிள்ளை மூச்சு விடுறாரா?" என்றுதான் முதலில் கேட்டாள். "விடுறாரும்மா," என்றேன். மக்சிக் போனை வாங்கி, ஒலிபெருக்கியில் போட்டு, மலாயில் ஆறுதல் சொல்லத் தொடங்கினார். அம்மா தமிழில் நன்றி சொல்லி அழுதாள். ஒருவர் பேச்சு மற்றவருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. நான் மொழிபெயர்க்காமல், ஒருத்தியின் குரலைக் கேட்டபடி இன்னொருத்தியின் தோளில் சாய்ந்துகொண்டேன்.