வழிகாட்டி பின்னால் வரட்டும்

போன வாரம் திருத்தணியில் சென்னை ரயில் ஏறினேன். எதிர் பெஞ்சில் ஒரு குடும்பம். எல்லார் தலையும் மொட்டை, எல்லார் தலையிலும் சந்தனம். வெயிலில் காய்ந்து வெடிக்கிற சந்தனத்துக்குத் தனி வாசனை உண்டு. பூஜை அறையில் அது வராது. வியர்வையும் ஈரத்துணியும் சேர்ந்தால்தான் வரும். அந்தக் கூட்டத்தில் ஒரு சின்னப் பெண்ணும் இருந்தாள். கழுத்தில் புதுத் தாலிக்கயிறு. ஜன்னலோரம் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டு வந்தாள். முறுக்கு விற்கிறவன் அவளிடம், "இன்னொண்ணு குடுக்கட்டாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனான். ஒருத்தரும் முகத்தைத் திருப்பவில்லை. நான்தான் அவளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். எனக்கு அழகாகச் சொல்ல வராது. எழுத்து எனக்குப் பிற்பாடு வந்தது, கோபம் முதலிலேயே இருந்தது.

அது யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணத்து ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிடைத்த ஊருக்கெல்லாம் ஓடினார்கள். எங்கள் ஊர் திருத்தணியில் சத்திரங்கள் நிரம்பி வழிந்தன. அவர்களுக்குப் பயம் ஒரு பக்கம் என்றால் பொழுது போகாதது இன்னொரு பக்கம். மலைக்கோயிலுக்கு எத்தனை தடவைதான் ஏறுவார்கள்? அதனால் மலைக்கிராமம் பார்க்க வேண்டும், சந்தை பார்க்க வேண்டும் என்று கிளம்புவார்கள். எங்களுக்கு அதில் பார்க்க என்ன இருக்கிறது என்றே புரியாது. நாங்கள் சுள்ளிக்கும் சீத்தாப்பழத்துக்கும் புளிக்கும் ஏறுகிற மலை அது.

எனக்கு அப்போது இருபது வயது இருக்கும். என் அம்மா பிறந்தது நகரிப் பக்கத்து மலைக்கிராமத்தில். அதனால் பாதை தெரியும், தெலுங்கும் வரும். மலையிலிருந்து பழம் கொண்டுவந்து சத்திரத்து வாசலில் விற்பேன். சத்திரத்து மேனேஜர் என்னைப் பார்த்தால், "இவங்களையும் கூட்டிகினு போய்க் காட்டிட்டு வாயேன்" என்பார். கூடை தூக்குவதைவிட ஆள் கூட்டிப்போவது லேசு. ஒப்புக்கொள்வேன். இப்போது இதற்குச் சட்டை போட்டு, தொப்பி வைத்து, வழிகாட்டி என்று பேர் வைத்திருக்கிறார்கள். எனக்குப் பேரும் கிடையாது, தொப்பியும் கிடையாது. தொப்பி இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

என் புருஷன் பட்டாளத்துக்குப் போயிருந்தான். துப்பாக்கி பிடிக்கிற பட்டாளம் இல்லை. பர்மா எல்லையில் ரோடு போடுகிற பட்டாளம். மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தால் போதும் என்று எங்கள் பக்கத்தில் ஆள் எடுத்தார்கள். "சோறு போட்றான், துணி குடுக்கறான், இன்னாத்துக்கு அழுவுற?" என்று கேட்டுவிட்டு ரயில் ஏறினான். மழைக்காலத்துக்கு முன்பு ஒரு சேதி வந்தது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. அவனோடு போன இன்னொருத்தன் வீட்டுக்கும் இல்லை. நான் முருகனிடம் போய், அவனை அனுப்பிவிடு என்று தலையைக் கொடுத்துவிட்டு வந்தேன். முழு மொட்டை. எங்கள் தெருவில் அது பெரிய விஷயமே இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் பெண்கள் முடி கொடுப்பார்கள்.

அப்படி மொட்டை போட்டுச் சில நாள் ஆகியிருந்தபோதுதான் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். சந்தனமெல்லாம் போய்விட்டது. சுள்ளி கட்டும்போது வளையல் உடைந்து கை மூளியாக இருந்தது. சந்தையில் புதிசு போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். புடவை சாயம் போனது. தாலிக்கயிறு வேலைக்கு இடைஞ்சல் என்று உள்ளே செருகியிருக்கும்.

ஐயா ஒருத்தர், அவர் சம்சாரம் ஒருத்தி. ஐயா கையில் குடை, கழுத்தில் மப்ளர், வாயில் ஓயாத கேள்வி. அந்த அம்மாளுக்கு என் அம்மா வயசு இருக்கும். ஒன்பது கெஜப் புடவை, மூக்கில் இரண்டு பக்கமும் வைரம், நெற்றியில் பெரிய குங்குமம். ஸ்டேஷனுக்குப் புறப்பட நான் முன்னால் நடந்தேன். அம்மாள் நின்றுவிட்டாள்.

"ஏன்னா, இவளா கூட வரா?"

"இவளுக்குத்தான் வழி தெரியுமாம்" என்றார் ஐயா.

அம்மாள் என் பக்கம் பார்க்காமலே சொன்னாள். "நீ முன்னாடி போகாதேம்மா. பின்னாடியே வா. கிளம்பறச்சே சகுனம்னு ஒண்ணு இருக்கோல்லியோ."

முதலில் எனக்குப் புரியவில்லை. எங்களைப் பின்னால் வரச் சொல்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர். அதுதான் என்று நினைத்தேன். பிறகு அவள் கண் என் தலையில் இருந்து கைக்கும், கையில் இருந்து தலைக்கும் போனதைப் பார்த்தபோது புரிந்தது. தாலி அறுத்தவள் என்று முடிவு கட்டிவிட்டாள். கோயிலில் பெண்கள் மொட்டை போடுவதை அவள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஆனால் அவள் வீட்டில் மொட்டைத்தலைப் பெண் என்றால் ஒரே அர்த்தம்தான். மூலையில் அப்படி ஓர் அத்தையோ அக்காவோ உட்கார்ந்திருந்திருப்பாள்.

'என் புருஷன் இருக்கிறான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீங்களும் அதைத்தான் கேட்பீர்கள். சொல்ல வாய் வரவில்லை. கேட்காமலே முடிவு கட்டியவளுக்கு நான் ஏன் சொல்ல வேண்டும் என்ற திமிர் பாதி. மீதிப் பாதி பயம். இருக்கிறான் என்றால், எங்கே, எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். 

ரயிலில் போய் ஏகாம்பரகுப்பத்தில் இறங்கி மலைப்பக்கம் நடந்தோம். இப்படி ஒரு பயணத்தை நான் அதற்கப்புறமும் பார்த்ததில்லை. வழி தெரிந்தவள் கடைசியில், வழி தெரியாதவர்கள் முதலில். ஐயா குடையை முன்னால் நீட்டிக்கொண்டு போவார். நான் பின்னாலிருந்து கத்துவேன்.

"அந்தப் பக்கம் இல்லீங்க. பாறைக்கு இந்தாண்ட."

"எந்தப் பாறை?"

"நீங்க தாண்டிட்டீங்க. திரும்பி வாங்க."

திரும்பி வந்தால் நான் எதிரே வருவேன். எதிரே வந்தாலும் சகுனம்தானே? அதனால் அம்மாள் தலையைக் குனிந்துகொள்வாள், நான் புதரோரம் ஒதுங்கி நிற்பேன், அவர்கள் என்னைத் தாண்டி சரியான பாதையில் ஏறுவார்கள், நான் மறுபடி பின்னால். கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சீத்தாப்பழக் காலம். வழியெல்லாம் சீத்தா இலைக்கே உள்ள அந்தக் கசப்பு நெடி. இன்றைக்கும் அந்த நெடி வந்தால் எனக்கு எதிரே இரண்டு முதுகுகள்தான் தெரியும். நகரி மூக்கு என்கிற பாறைமுகடு தெரிகிற திருப்பத்தில் ஐயா மட்டும் நின்று, "மூக்கு மாதிரியேதான் இருக்கு. யாரோட மூக்கும்மா இது?" என்று என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார். "எனுக்குத் தெரிஞ்சி எங்க மாமியாருதுங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டார். அம்மாள் சிரிக்கவில்லை.

மேலே என் அம்மாவின் ஊர். சில கூரை வீடுகள், ஒரு புளியமரம், கட்டிப்போட்ட ஆடுகள். மங்கம்மா என்கிற சித்திதான் பனையோலைத் தடுக்கு எடுத்துப்போட்டு அவர்களை உட்காரச் சொன்னாள். பழம் கொடுத்தாள். நான் தள்ளி நிற்பதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து தலையைத் தடவினாள்.

"மொக்கா?" என்றாள். தெலுங்கில் வேண்டுதலுக்கு அதுதான் பேர்.

"ஆங்" என்றேன்.

அவ்வளவுதான். ஒரே வார்த்தை. கொஞ்சம் மஞ்சளை எடுத்து என் உச்சியில் வைத்தாள். அம்மாள் அதைப் பார்த்தாள். மங்கம்மாவிடம் ஏதோ கேட்க நினைத்தவள் மாதிரி வாயைத் திறந்தாள். தெலுங்கு தெரியாததாலோ என்னவோ மூடிக்கொண்டாள். நடக்கிற வெயிலில் அந்த மஞ்சளும் வழிந்து போனது.

இறங்குகிற பாதையில் அடிவாரத்துச் சந்தை. ஆடு, புளி, துடைப்பம், மண்சட்டி, அம்மையார்குப்பத்துப் புடவை எல்லாம் ஒரே மைதானத்தில். பாதித் தெலுங்கு, பாதித் தமிழ். எது பேசினாலும் பேரம் நடக்கும். ஐயா சட்டிக் கடையில் சட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். நான் வளையல் கடைக்குப் போனேன். கடைக்காரர் எங்களுக்கு முறையில் பாவா, தமிழில் அத்தான். என் கல்யாணத்துக்கு வளையல் போட்டவரே அவர்தான்.

"இன்னா மொட்டப் பொண்ணு, உங்க ஆளு வந்து பாத்தா அடையாளம் தெரியாம வேற வூட்டுக்குப் போயிடுவான்" என்றார்.

"போனா போவட்டும். நீ பச்சையில நல்லதா எடு பாவா."

அவர் என் கையைப் பிடித்து, விரல்களை ஒன்றாகக் குவித்து, முதல் வளையலை முட்டி எலும்பு வரை ஏற்றியிருந்தார். அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது. அம்மாள் எப்போது வந்து நின்றாள் என்று எனக்குத் தெரியாது.

"அவளுக்கு எதுக்குப்பா வளை? அவளுக்குப் போடலாமோ?"

பாவாவின் கை நின்றுவிட்டது. வளையல் பாதியில் நிற்கிறது. அவர் அந்த அம்மாளைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"ஏம்மா," என்றார் மெதுவாக, "சேதி எதனா வந்துச்சா?"

அந்த நிமிஷத்தை நான் இன்னும் மறக்கவில்லை. பட்டணத்துக்காரி, சத்திரத்தில் இருக்கிறவள், பேப்பர் படிக்கிற வீடு. எனக்குத் தெரியாதது இவளுக்குத் தெரிந்திருக்குமோ என்று எனக்கே தோன்றிவிட்டது. ஊருக்கெல்லாம் தெரிந்து எனக்கு மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்களோ?  அப்புறம்தான் கோபம் வந்தது. நல்ல வேளை, வந்தது. இல்லாவிட்டால் விழுந்திருப்பேன்.

உள்ளே கிடந்த கயிற்றை வெளியே இழுத்து அவள் மூஞ்சிக்கு நேராகக் காட்டினேன்.

"இது இன்னா? சொல்லு. கண்ணு தெரியுதில்ல? என் புருசன் ரோடு போடப் போயிருக்கான், பர்மா பக்கம். அவன் வரணும்னுதான் முடி குடுத்தேன். நீ காலையிலருந்து அவனச் சாவடிச்சிகினே வர."

அம்மா, ங்க என்கிற மரியாதை எல்லாம் எங்கேயோ போய்விட்டது. சந்தையில் பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மாள் திருப்பித் திட்டுவாள் என்று நின்றேன். அவள் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த கூடையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பர்மான்னா சொன்னே?" என்றாள்.

"ஆங்."

"எங்க பொண்ணு ஜானகி ரங்கூன்ல இருக்கா. குண்டு போட்டதுக்கப்புறம் ஒரு தகவலும் இல்லே. நடந்தே வராளாம் எல்லாரும். காட்டு வழியா. கையில குழந்தை வேற." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தினம் காத்தால யார் மூஞ்சில முழிக்கறேன்னு பயந்துண்டேதான் எழுந்துக்கறேன். இன்னிக்கு உன் தலையைப் பார்த்தேன்."

நான் கையை மறுபடி வளையலுக்கு நீட்டினேன்.  பாவா, "ஆட்டாத, ஒடஞ்சிடும்" என்றார். ஆட்டவில்லை, அதுவாக ஆடியது. அந்த அம்மாள் எழுந்து வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் காலத்தில் அவள் வீட்டுப் பெண்கள் எங்களைத் தொடுகிற வழக்கம் இல்லை. அவள் பிடித்தது எனக்குப் பிடிக்கவும் இல்லை. ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பாவா வளையல் எல்லாவற்றையும் போட்டு முடிக்கும் வரை பிடித்துக்கொண்டே நின்றாள். ஒன்றுகூட உடையவில்லை.

ஸ்டேஷனுக்குத் திரும்பும்போது அம்மாள் சொன்னாள், "நீ முன்னாடி போ." நான் முன்னால் நடந்தேன். அதற்காக அவளை மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். முன்னால் நடப்பது என் வேலை. ஐயாதான் பின்னாலிருந்து, "இப்பத்தான் வழி சரியா இருக்கு" என்றார், யாருக்கும் வலிக்காமல்.

மறுநாள் அவர்கள் மலைக்கோயிலுக்குப் போனார்கள். அம்மாள் பூமுடி கொடுத்தாள். முடியின் நுனியில் கொஞ்சம் மட்டும் கத்தரித்துக் கொடுப்பது அது. சுமங்கலியான அவளுக்கு அதற்கு மேல் வழியில்லை. குண்டுப் பயம் தணிந்ததும் சத்திரம் காலியானது. அவர்களும் போய்விட்டார்கள்.

என் புருஷன் வந்தான். நெடுநாள் கழித்து ஒரு மத்தியானம் ரயிலில் இறங்கி, காய்ச்சலில் பாதி உடம்பாக வந்து நின்றான். ஆஸ்பத்திரியில் பேன் என்று அவன் தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். என் தலையில் அப்போது தோள் வரை முடி. "இன்னாம்மே, நீ மொட்டை போட்டுகினதா சொன்னாங்க" என்றான். அதற்கப்புறம் நாங்கள் நாற்பது வருஷம் சண்டை போட்டோம். முழுத்தலை கொடுத்ததால் வந்தான் என்று பலர் சொன்னார்கள். நான் சொன்னதில்லை. அவனோடு போனவனின் அம்மாவும் முழுத்தலைதான் கொடுத்தாள். அவன் வரவில்லை.

ஜானகி வந்தாளா என்று எனக்குத் தெரியாது. என் மகளுக்கு அந்தப் பேரை வைத்தேன் என்று எதிர்பார்ப்பீர்கள். வைக்கவில்லை. மாமியார் பேர்தான் வைத்தோம், வேறு வழி இல்லை. ஆனால் ரங்கூனிலிருந்து நடந்து வந்தவர்கள் என்று யாரைப் பார்த்தாலும் ஜானகி என்று ஒரு பெண், கையில் குழந்தையோடு, தெரியுமா என்று கேட்டிருக்கிறேன். கேட்பதற்கும் இப்போது யாரும் இல்லை. அந்த அம்மாளின் பேரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவளும் என் பேரைக் கேட்கவில்லை.

மங்கம்மாவின் ஊர் இப்போது வேறு மாநிலம். அங்கிருந்து யாரும் கூடை தூக்கிக்கொண்டு இறங்குவதில்லை, லாரி மேலேயே போகிறது. சந்தை மைதானத்தில் பஸ் நிற்கிறது. பாவாவின் கடை இருந்த இடத்தில் செருப்புக் கடை. கையைப் பிடித்து, விரல் குவித்து வளையல் ஏற்றுகிறவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை.

அரக்கோணத்தில் அந்த மொட்டைக் குடும்பம் இறங்கியது. அவர்களுக்கு வழி விட எழுந்த நான் கூட்டத்தில் தடுமாறினேன். அந்தச் சின்னப் பெண்தான், நானும் இறங்குகிறேன் என்று நினைத்து, "என் பின்னாலியே வாங்க ஆயா" என்று வழி விலக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். நான் சென்னை போக வேண்டியவள். ஆனாலும் பிளாட்பாரம் வரை அவள் பின்னாலேயே போனேன்.