லயத்துச் சுவரில் நான் படித்த இங்கிலீஷ்

கோதுமை மாவில் காய்ச்சிய பசை வாசனை... தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் எங்கள் லயம் முழுக்க அதுதான் மணக்கும். பலகார வாசனையெல்லாம் அப்புறம்தான்.

இலங்கைத் தேயிலை மலையில் எங்கள் பொகவந்தலாவைக் குளிர் தெரிந்தவர்களுக்குப் புரியும். தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயத்தில், எங்கள் ஒற்றை அறையின் சுவரில் விரிசல் விட்ட இடமெல்லாம் காற்று ஊசியாகக் குத்தும். அதை அடைக்கக் கடைவீதியில் பழைய பேப்பர் வாங்கி வந்து உள்சுவர் முழுக்க ஒட்டுவோம். துரைமார் பங்களாக்களில் கழித்துப் போட்ட இங்கிலீஷ் சினிமாப் பத்திரிகைகள்தான் அதில் அதிகம். தடித்த, வழவழப்பான தாள். காற்று புகாது.

எனக்கு அதுதான் இங்கிலீஷ் புத்தகம். தீபாவளிக்குத் தீபாவளி புதுப் புத்தகம்!

இத்தனைக்கும் ஒரு இங்கிலீஷ் படம்கூட நான் பார்த்ததில்லை. ஹட்டனுக்குப் படம் பார்க்கப் போவதே வருஷத்தில் ஒரு தடவை, அதுவும் தமிழ்ப்படம். ஆனால் சுவரில் இருந்த விமர்சனங்கள் அத்தனையும் மனப்பாடம். ஒட்டுகிற வேலை தம்பியுடையது. எழுத்து நேராக நிற்கிறதா, கவிழ்ந்து நிற்கிறதா என்ற கவலையே அவனுக்குக் கிடையாது. பாதி விமர்சனங்களைப் பாயில் படுத்துக் கழுத்தைத் திருப்பித்தான் வாசிப்பேன். பத்திரிகையில் நல்ல இடத்தில் நிறுத்தி, மீதி மறுபக்கம் என்று போட்டிருக்கும்... மறுபக்கம் சுவரோடு ஒட்டிக்கிடக்கும். எத்தனை படங்களின் முடிவு அப்படிப் போச்சு, பாவிப்பயலால்!

புரியாத சொற்களை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு டவுன் பள்ளிக்கூடத்துக்கு நடப்பேன். அங்கே அலமாரியில் ஒரு டிக்ஷனரி இருந்தது. வழியில் மழை பிடித்தால் தொலைந்தது. 'எக்ஸ்க்ரூஷியேட்டிங்' என்று ஒரு சொல்... மூன்று தடவை மழையில் கரைந்து, நாலாவது தடவைதான் அர்த்தம் பார்த்தேன். தாங்கவே முடியாத வேதனை. அடேயப்பா! ஒரு சொல்லுக்குள் இவ்வளவு வலியைப் போட்டு அடைக்க முடியுமா? அன்றைக்கு எனக்குச் சோறே இறங்கவில்லை.

நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது, ஆடி மாத மழையில் அம்மா படுத்துவிட்டார். கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. தோட்டத்து மருந்து எதுவும் வயிற்றில் தங்கவில்லை. மூன்றாம் நாள் உதடெல்லாம் வெளுத்துப் போயிற்று.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறி வேண்டும். லொறிக்குத் துரை உத்தரவு வேண்டும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் அப்பா போய்க் கணக்கப்பிள்ளையிடம் கேட்டார்.

"வயித்து வலிக்கெல்லாம் லொறியா? நாளைக்குப் பாப்போம், போ" என்று அனுப்பிவிட்டார் அந்த மனிதர்.

அப்பா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாம சொன்னா தொரை காதுக்குப் போகாது தாயி. இங்கிலீசு கடிதாசின்னா நேரா மேசைக்குப் போகும். நீ எழுது."

பள்ளிக்கூடத்தில் பசுமாட்டைப் பற்றிப் பத்து வரி எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான். பெரிய மனிதர்கள் எழுதுகிற இங்கிலீஷ் என்று நான் கண்டதெல்லாம் அந்தச் சுவர்தான். துரைக்கு எழுதுவதென்றால் அந்த மாதிரிதானே எழுத வேண்டும்?

சுவரைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். என் அம்மாவின் வேதனை எக்ஸ்க்ரூஷியேட்டிங். மூன்று நாளாக இடைவிடாமல் நடக்கிறது. நெஞ்சைப் பிழியும் காட்சி, கல்மனதும் கண்ணீர் விடும். கடைசியில், எல்லா விமர்சனமும் எப்படி முடியுமோ அப்படியே முடித்தேன்... 'நாட் டு பி மிஸ்ட்'. தவறாமல் பாருங்கள்! அதுதான் மரியாதையான முடிவு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆபீஸ் வாசலில் நின்ற அப்பா பின்னால் சொன்னார். துரை வாசித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தாராம். திரும்ப ஒரு தடவை வாசித்தாராம். அப்புறம் சிரிக்கவில்லையாம். நேராகப் போய் ஜீப்பில் ஏறி, அப்பாவையும் ஏறச் சொன்னாராம்.

ஒரு துரை எங்கள் லயத்துக்குள் நுழைந்து நான் அதுவரை பார்த்ததில்லை. அந்த நெட்டை மனிதர் வாசலில் முக்கால்வாசி குனிந்து உள்ளே வந்தார். அம்மாவைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"லொறி வேணாம். என் ஜீப்புலே ஏத்து! சீக்கிரம்!" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கத்தினார்.

அம்மாவைக் கம்பளியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். துரை ஒரு நிமிஷம் நின்று சுவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ எழுதினதா?"

தலையை ஆட்டினேன்.

குடல்வால் வெடிக்கிற நிலையாம். இன்னும் அரைநாள் போயிருந்தால் கையை விரித்திருப்போம் என்று டாக்டர் சொன்னாராம். அதைக் கேட்டுவிட்டு வந்து சுவரில் அந்தச் சொல்லைத் தொட்டுப் பார்த்தேன். பசை காய்ந்த வெறும் காகிதம்... இதுவா மலை மேல் இருந்த துரையை இறக்கிக் கொண்டுவந்தது? உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதை எழுதும்போதும் சிலிர்க்கிறது.

ஆசிரியப் பயிற்சிக்குப் போன பிறகுதான் நான் எழுதிய கூத்து எனக்கே விளங்கியது. வெட்கம் பிடுங்கித் தின்ன, லீவில் வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"சினிமா மாதிரி ஒங்களத் தவறாம வந்து பாருங்கன்னு எழுதிட்டேன்மா!"

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"வந்து பாத்தாருல்ல? அப்பறம் என்னாடி தப்பு?"

முப்பது வருஷம் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது பேரன் போனில் ஒரு சொல்லைத் தட்டினால் அர்த்தமும் வருகிறது, உச்சரிப்பும் வருகிறது. எந்த மழையிலும் கரைவதில்லை. ஒழுகும் கூரைக்கு, வராத தண்ணீருக்கு என்று லயத்து ஆட்களுக்காக நானும் எத்தனையோ மனு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு பிழை இருக்காது, அத்தனை சுத்தமான இங்கிலீஷ். கடிதம் கிடைத்தது என்று பதிலும் ஒழுங்காக வருகிறது...

ஒருவராவது வந்து, அந்த வாசலில் குனிந்து, உள்ளே பார்த்ததில்லை.