ஒருவரும் பயன்படுத்தாத ஸ்கேனர்

விழுப்புரத்தில் ஒரு கல்லூரியின் கணினிக்கூடத்தில் எனக்கு வேலை. வீடு திண்டிவனம். ரயிலில் போய்வரும் நேரத்தில் சம்பளமில்லாத இன்னொரு வேலையும் பார்க்கிறேன். யாரும் இலவசமாகப் பயன்படுத்தித் திருத்திக்கொள்ளக்கூடிய கட்டற்ற இயங்குதளம் ஒன்றில், பழைய ஸ்கேனர்கள் சிலவற்றை இயக்கும் நிரல்கள் என் பொறுப்பு. தயாரித்த கம்பெனியே கைகழுவிய கருவிகளை நாங்கள் நாலைந்து பேர் ஓட வைக்கிறோம் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒரு நிரலை நீக்க எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. "இதை யாராவது பயன்படுத்துகிறீர்களா?" என்று மடற்குழுவில், அதாவது உறுப்பினர் எல்லாருக்கும் போகும் பொது மின்னஞ்சலில், கேட்போம். சில வாரங்களில் பதில் வராவிட்டால் எடுத்துவிடுவோம். போன வருஷம் ஒரு ஸ்கேனருக்கு அப்படிக் கேட்டேன். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஒரு தொல்லை விட்டது என்று நிம்மதியாக நீக்கினேன்.

சில மாதம் கழித்து ஒரு காலையில், திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருக்கும் பெண் போன் செய்தார்.

"அண்ணா, அப்டேட் போட்டதுலேர்ந்து ஸ்கேனருக்கு உசுரே இல்லைங்க. காலேஜ் அப்ளிகேஷனுக்கு இன்னிக்குத்தான் கடைசி நாளு. பசங்க சர்டிபிகேட்ட வெச்சிக்கினு நிக்கிதுங்க. ஜல்தியா வாங்க."

போய்ப் பார்த்தேன். நான் நீக்கிய அதே ஸ்கேனர். அந்தக் கணினியில் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்து, "இனிமே கவலையே இல்லம்மா" என்று பெரிய மனுஷனாகச் சொல்லிவிட்டு வந்ததும் நான்தான். அன்றைக்கும் அந்த ஸ்கேனர் இதே மேசையில்தான் இருந்தது. மடற்குழுவில் கேட்டபோது எனக்கு நினைவே வரவில்லை.

பழைய பதிப்பைத் திரும்ப ஏற்றினேன். ஸ்கேனர் முனகிக்கொண்டு வெளிச்சம் காட்டியது. மதியத்துக்குள் எல்லார் சான்றிதழ்களும் போய்ச் சேர்ந்தன.

கூட்டம் கலைந்ததும் உண்மையைச் சொன்னேன்: யாராவது பயன்படுத்துகிறீர்களா என்று கேட்டு, பதில் வராததால் இந்த ஸ்கேனரின் நிரலை நீக்கியது நான்தான் என்று. சொல்லாமல் நழுவியிருக்கலாம், மனசு வரவில்லை.

"எங்க கேட்டீங்க?" என்றார்.

"மெயில்ல. இங்கிலீஷ்ல."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தெனம் இந்தக் கடை வழியாத்தானே போய்க்கினு வர்றீங்க. யாரும் இல்லன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு வாட்டி என்னாண்ட கேட்டிருக்கலாமேங்க?"

வெட்கமாக இருந்தது.

அன்றே அந்த நிரலைத் திரும்பச் சேர்க்கக் கேட்டு மடற்குழுவுக்கு எழுதினேன். காரணம் என்ற இடத்தில் பெரிய விளக்கம் எதுவும் தோன்றவில்லை. திண்டிவனத்தில் ஒருவர் இதை வைத்துத்தான் பிழைக்கிறார், நான் அவரிடம் கேட்கவில்லை என்று மட்டும் எழுதினேன்.