துரையின் ஹாரன்

எங்கள் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை நெட்டை. தொப்பிக்குக் கீழே காதுகள் எப்போதும் சிவந்திருக்கும். நாங்கள் கொழுந்து பறிக்கும் மலைக்கு வருமுன், கோயில் வளைவிலேயே மோட்டார் சைக்கிள் ஹாரனை அடிப்பார். காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிக்கொண்டு தேத்தண்ணியோடு உட்கார்ந்திருக்கும் பெண்களெல்லாம் எழுந்துகொள்வோம். உட்கார்ந்திருப்பதைத் துரை பார்த்துவிட்டால் அரைநாள் சம்பளத்தை வெட்டியாக வேண்டும். தோட்டத்துச் சட்டம் அது.

"ஹாரன் அடிச்சா எல்லாம் உஷாராயிடுறாங்க, தொரை" என்று ஒருநாள் எங்கள் எதிரிலேயே கோள் சொன்னார் கங்காணி.

"தெரியும். அதுக்குத்தான் அடிக்கிறது" என்றார் துரை.

அந்தத் துணிச்சலில் மறுநாள் ஹாரன் கேட்டும் நாங்கள் எழவில்லை. "வாங்க தொரை, தேத்தண்ணி குடிங்க" என்று கூப்பிட்டேன். கழுத்துவரை சிவந்துபோய், பாராதவர்போல் வண்டியைத் திருப்பிக்கொண்டார்.

அதன்பிறகு ஹாரன் இரண்டு வளைவு முன்னாலேயே கேட்கும். வெட்கமோ, நாங்கள் இன்னும் கொஞ்ச நேரம் உட்காரட்டும் என்றோ, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.