காலண்டர் அட்டையில் நான்கு எழுத்து

என் அறைச் சுவரில் ஒரு பழைய காலண்டர் அட்டை, பின்பக்கம் முன்னால் தெரியும்படி தொங்குகிறது. அதில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய நான்கு ஜப்பானிய எழுத்துகள். மேலே மஞ்சள் பொட்டு. சேர்த்துப் படித்தால் ‘இச்சியோ ராய்ஃபுகு’. குளிர்கால இருட்டு முடிந்து சூரியன் திரும்புவதைச் சொல்லும் தொடர். கஷ்டகாலம் போய் நல்லகாலம் வருவதையும் அப்படித்தான் சொல்வார்களாம். கஷ்டம் போன தேதியை யார் குறித்து வைக்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

எழுதியவர் அக்கா; கூடப்பிறந்தவர் இல்லை, கூட வேலை பார்த்தவர். திண்டிவனத்தில் ஒரே கிளினிக்கில் நாங்கள் இருவரும் நர்ஸ். ஜப்பானில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காக, ஞாயிறுதோறும் விழுப்புரத்துக்கு பஸ் ஏறி மொழி வகுப்புக்குப் போனோம். கணவரைப் பிரிந்து தம்பி வீட்டில் இருந்தவர் அக்கா. நெல் மூட்டை அடுக்கிய, கதவில்லாத அறையில் படுக்கை. புடவை மாற்றக்கூட மூட்டைகளுக்குப் பின்னால் போகவேண்டும். “தாப்பா போட்டுக்கினு ஒரு நாள் தூங்கணும்டி, அவ்ளோதான்” என்பார். தேர்வில் இரண்டு முறை தோற்றிருந்தார். வயதாகிறது, மூன்றாவதுதான் கடைசி என்று வகுப்பில் சொல்லிவிட்டார்கள்.

அந்தத் தொடரை ஆசிரியர் பலகையில் எழுதிய அன்று அக்கா, “மார்கழி போயி தை வர்ற மாதிரி” என்று சொல்லி அட்டையில் எழுதிக்கொண்டார். வெள்ளிக்கிழமைதோறும் அதற்குப் பொட்டு. “எழுத்துக்குப் பூஜை பண்ணிக்கினு இருந்தா பாஸ் போட்ருவாங்களா?” என்று கிண்டல் செய்வேன். பொட்டோடு நிற்கவில்லை அவர் பழக்கம். எதை எழுதினாலும் தலைப்பில் பிள்ளையார் சுழி போடுவார். மாதிரித் தேர்வில் விடைத்தாளின் மூலையில், இயந்திரம் படிக்கும் கறுப்புக் கட்டத்தின் மேலேயே போட்டுவிட்டார். மதிப்பெண் பூஜ்யம். முந்தைய இரண்டு தேர்விலும் என்ன நடந்திருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. கூட்டேரிப்பட்டு வரும்வரை பஸ்ஸில் அவரைத் திட்டித் தீர்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மூன்றாவது தேர்வில் நான் அவருக்குப் பின்வரிசை. விடைத்தாள் வந்ததும் அவர் பென்சில் நேராக மூலைக்குப் போனது. தேர்வு அறையில் கத்தவும் முடியாது. பென்சில் நின்றது. அதைக் கீழே வைத்துவிட்டு, ஆள்காட்டி விரலால் வெறும் மேசையில் சுழித்தார். அதற்குப் பிறகு என் கண் என் தாளில் நிற்கவே இல்லை.

அவர் தேறினார். நான் தோற்றேன். சந்தோஷமா வயிற்றெரிச்சலா என்று கேட்டால், இரண்டும்தான். கிளம்பும்போது அட்டையை என் கையில் திணித்தார். “அங்க எல்லாருக்கும் இது தெரியும். நீ வெச்சிக்கோ. வெள்ளிக்கிழமையானா பொட்டு வெச்சிடு.”

போன வாரம் வீடியோ காலில் வந்தார். தன் அறைக் கதவைக் காட்டினார். சாத்தித் தாழ்ப்பாள் போட்டார், திறந்தார், மறுபடியும் போட்டார். “சத்தம் கேக்குதா?” என்றார். கேட்டது. “பொட்டு வெக்கிறியா?” என்றார்.

“வெச்சிக்கினுதான் இருக்கேங்க்கா.”

பொய். அவர் போனதிலிருந்து ஒரு நாளும் வைத்ததில்லை. போனை வைத்த பிறகு உட்காரவும் முடியவில்லை, படிக்கவும் முடியவில்லை. வருகிற ஞாயிறு எனக்கு மறுபடியும் தேர்வு. அவர் பேசிய அன்று வெள்ளிக்கிழமைகூட இல்லை, செவ்வாய். மஞ்சளைக் குழைத்துக்கொண்டுபோய் மங்கிய பொட்டின் மேலேயே வைத்தேன். விரலில் கொஞ்சம் மிச்சமிருந்தது. மேசையில் சுழித்தேன்.