துளசித் தொட்டியில் கனிந்த பீட்

என் கணவருக்குக் குட்டி ரயில் பைத்தியம். அதிலும் அயர்லாந்துச் சதுப்புகளில் பீட் சுமந்த ரயில்கள் என்றால் சோறு தண்ணி வேண்டாம். செடிகொடிகள் ஈரத்தில் ஊறி மட்கி, காலங்காலமாக அழுந்திக் கிடப்பதுதான் பீட். அதை வெட்டிக் காயவைத்து அடுப்பெரித்தார்கள். வண்டி போனால் புதைந்துவிடும் என்பதால் மெல்லிய தண்டவாளம் போட்டார்கள். வெட்டும் இடம் நகர நகர அதையும் தூக்கி நகர்த்தினார்கள். இதெல்லாம் எனக்கு எதற்கு? கேட்டுக் கேட்டுக் காதில் ரத்தம் வராத குறை.

அந்த வெள்ளிக்கிழமை, பத்தாவது படிக்கும் மகள் காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு மாடியில் தூங்கினாள். நியூஜெர்சிக் குளிருக்கு வீட்டுக்குள் எடுத்து வைத்திருந்த துளசித் தொட்டியில் ஊதுவத்தியைச் சொருகிவிட்டு, ஐசலினில் உள்ள இந்தியக் கடைக்கு இட்லி அரிசி வாங்கக் கிளம்பினோம்.

காரில் ஏறியதும் ஆரம்பித்துவிட்டார். "மொதல்ல ஸ்டீம் இன்ஜின்தான். பீட்ல ஒரு பொறி விழுந்தா போச்சு. மேல ஒண்ணும் தெரியாது, உள்ளயே கனிஞ்சிட்டுப் போகும். அதான் டீசலுக்கு மாத்திட்டாங்க."

"ரயிலை விட்டுட்டு ரோட்டைப் பாருங்க," என்றேன். சொன்ன வாய் மூடவில்லை, ஊதுவத்தி நினைவுக்கு வந்தது. தொட்டி முழுக்க மண்ணுக்குப் பதில் நான் கொட்டியிருந்தது தோட்டக் கடை பீட் மாஸ், அதே பீட்தான். குளிரில் துளசி பட்டுப்போனதால் தண்ணீர் ஊற்றுவதை விட்டிருந்தேன். பூஜையை மட்டும் விடவில்லை. தாளிக்கும்போதெல்லாம் அலறுகிறதென்று ஸ்மோக் அலாரத்தையும் கழற்றி டிராயரில் போட்டிருந்தேன்.

"யூ-டர்ன் பண்ணுங்க! துளசித் தொட்டி!"

ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, திருப்பிவிட்டார். மகள் போனை எடுக்கவில்லை. வீடு இரண்டு சிக்னல் தூரம்தான். அந்தத் தூரம் முடியாமல் போய்க்கொண்டே இருந்தது.

கதவைத் திறந்ததும் புகை. பிளாஸ்டிக் தொட்டி ஒரு பக்கம் உருகி, உள்ளே செக்கச் சிவந்திருந்தது. பக்கத்திலேயே திரைச்சீலை. அவர் ஜாக்கெட்டைக் கழற்றித் தொட்டியைச் சுற்றி, தூக்கிக்கொண்டுபோய்ப் பின்வாசல் பனியில் கவிழ்த்தார். நான் மாடிக்கு ஓடினேன்.

"அம்மா, க்ளோஸ் த டோர், இட்ஸ் ஃப்ரீஸிங்," என்று சிணுங்கினாள் மகள். அந்தச் சிணுங்கலைக் கேட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்து அழுதேன்.

அலாரம் அன்றைக்கே கூரைக்குப் போனது. ஊதுவத்தி இப்போது மணல் நிரப்பிய டம்ளரில். என் வீட்டுக்காரரின் ஓயாத வாய்க்கு என்ன நன்றி சொன்னாலும் தகும்.

அன்று சாப்பிடும்போது அவர் ரயில் பேச்சை எடுக்கவே இல்லை. ரசம் ஊற்றிக்கொண்டே நானாகக் கேட்டேன்:

"டீசலுக்கு மாத்தினாங்க. சரி, அப்புறம்?"