எல்லையம்மாள் வீட்டு வழியாகப் போன வடிகால்

என் தங்கை எல்லையம்மாள் ஜெயித்தவை இவை. மிராசுதாரிடமிருந்து அடிமனைப் பட்டா, ஒன்பது வருஷம் கழித்து. நகராட்சித் தேர்தலில் பதினோராம் வார்டு, இருபத்து மூன்று ஓட்டில். எங்கள் கீழத்தெருவுக்கு நான்கு தெருக்குழாய், ஏழு விளக்குக் கம்பம், பெண்களுக்கு ஒரு கழிப்பறை. கழிப்பறையை முதலில் கதவில்லாமல் கட்டிவிட்டுப் போனார்கள். அந்தக் கதவுக்காக மட்டும் மூன்று கூட்டத்தில் எழுந்து நின்றாள். பிறகு மழைநீர் வடிகால், இருநூற்றுப் பத்து மீட்டர். எல்லாவற்றுக்கும் தேதி என் நோட்டில் இருக்கிறது. போன மாசியில் என் வீட்டில் இறந்தாள். அவளுக்கென்று வீடு இல்லை.

அவள் பள்ளிக்கூடம் போனதில்லை. நான் ஐந்தாவது வரை போனேன்.

குடிசை நிற்கும் மண்ணுக்கு எங்கள் பக்கம் அடிமனை என்று பெயர். பண்ணையில் வேலை செய்கிறவர்களுக்கு அது சொந்தம் என்று 1971-இல் சட்டம் வந்தது. எங்கள் தெருவுக்கு அளக்க யாரும் வரவில்லை. 1974 ஆனியில் மிராசுதாரின் காரியஸ்தர் ரெத்தினம் ஒரு பத்திரத்தோடு எல்லையம்மாள் குடிசைக்கு வந்தார்.

"என்ன காயாரோகணம், நீதான் படிச்ச ஆளாச்சே. தங்கச்சிக்குப் படிச்சுச் சொல்லு."

எழுத்துக்கூட்டிப் படித்தேன். மேலே பெரிய எழுத்தில் 'விடுதலைப் பத்திரம்' என்று இருந்தது. விடுதலை என்ற சொல் எனக்குத் தெரியும். மேடையில் கேட்டிருக்கிறேன். பண்ணையிலிருந்து மிராசுதார் நம்மை விடுவிக்கிறார், மண்ணும் நமக்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன். கீழே பாதி வார்த்தைகள் புரியவில்லை. புரியவில்லை என்று நான் சொல்லவில்லை.

"நல்லதுதான், வையி" என்றேன். அவள் பெருவிரலை வைத்தாள்.

பத்திர ஆபீசில் விடுதலை என்றால் உரிமையை விட்டுக்கொடுப்பது. மண்ணில் தனக்கு ஒன்றும் இல்லை என்று அவளே எழுதிக்கொடுத்ததாக ஆகிவிட்டது. ஆடியில் குடிசையைப் பிரித்துப் போட்டார்கள்.

வாய்க்கால் கரையில் கீற்றுப் போட்டுக்கொண்டு ஒன்பது வருஷம் இருந்தாள். மூன்றாம் வருஷம் அவள் புருஷன் வீரையன் அங்கே பாம்பு கடித்து இறந்தான். அந்தப் பத்திரத்தைப் பற்றி அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நடவு, அறுப்பு இல்லாத நாளெல்லாம் தாலுகா ஆபீசுக்கு நடந்தாள். 1983 மார்ச்சில் அந்தப் பத்திரம் செல்லாது என்று உத்தரவாகி, பட்டா வந்தது. அதே இடத்தில் வீடு கட்டினாள். இடுப்பு உயரம் செங்கல், அதற்கு மேல் மண்.

1996-இல் எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். ஆபீஸ் படி ஏறப் பயப்படாதவள் என்று தெருவே அவளை நிறுத்தியது. ஜெயித்து, நகராட்சிப் பதிவேட்டிலும் பெருவிரலைத்தான் வைத்தாள்.

அந்தக் கார்த்திகையில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அது வருஷா வருஷம் நிற்பதுதான். எல்லையம்மாள் ஒரு கட்டு வைக்கோலை எடுத்து வாசலுக்கு வாசல் ஒரு பிடி மிதக்கவிட்டாள். வயலில் தண்ணீர் பார்ப்பதுபோல் அதன் கூடவே நடந்தாள். வைக்கோல் எல்லாம் அவள் வீட்டுச் சுவரில் வந்து ஒதுங்கியது. அந்த வீட்டுக்குப் பின்னால்தான் வயல்களின் உபரித் தண்ணீர் போகும் வடிவாய்க்கால்.

அடுத்த ஆனியில் நகராட்சி இன்ஜினியர் ஹபீப் முகம்மது வரைபடத்தோடு வந்தார். தெரு முழுவதும் கூடிவிட்டது. பக்கத்து வீட்டுக் கலியபெருமாள் சத்தமாகவே சொன்னான்:

"பாத்துக்கிட்டே இருங்க, கவுன்சிலரம்மா வூட்ட மட்டும் சாக்கட பிரதட்சணம் பண்ணிட்டுப் போவும்."

எல்லாரும் சிரித்தார்கள்.

"ஒன் வூட்டுச் செவுத்துல தண்ணிக் கற எவ்வளவு ஒசரம் நிக்கிது? மொதல்ல அத அளந்து சாருகிட்ட சொல்லு, கலியபெருமாளு" என்றாள் எல்லையம்மாள்.

இன்ஜினியர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"நேராப் போனா உங்க வீடு போயிடும்மா. வளைச்சும் கொண்டுபோகலாம். ஆனா அந்தப் பக்கம் மேடு. தண்ணி பாதியிலயே நின்னுடும்."

"தெரியும் சார். வைக்கோலு சொல்லிடுச்சி."

"வேற எடம் கேட்டு எழுதுவோம்மா."

"பட்டா வர எத்தினி வருசமாவும்?"

அவர் வரைபடத்தைச் சுருட்டினார்.

"நேராவே போடுங்க" என்றாள்.

இடத்தை நகராட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதித் தரவேண்டும் என்றார்கள். நான் படித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் வார்டு வாக்காளர் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டாள். அதில் பேர்கள் வீட்டு வரிசையில் இருக்கும். எந்த வீட்டில் யார் என்று அவளுக்குத் தெரியும். அதை வைத்து ஒவ்வொரு பேராக எழுத்தைப் பிடித்தாள். வீரையன் பேர் பட்டியலில் இல்லை. மற்றவர்கள் பேரிலிருந்து அவன் எழுத்துகளைப் பொறுக்கிச் சேர்த்தாள். என் கையெழுத்தில் லை இன்னும் பழைய துதிக்கை போட்டுத்தான் வரும். அவளுக்கு அச்சில் உள்ள புது லைதான் வந்தது.

பத்திர ஆபீசில் எழுத்தர் மைப்பெட்டியை நகர்த்தினார்.

"பெருவெரல வைங்கம்மா."

"இருங்க, படிச்சுக்கிறேன்."

முக்கால் மணி நேரம் படித்தாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஒரு சொல்லில் நின்று, என்னைத் திரும்பிப் பார்க்காமல் எழுத்தரைக் கேட்டாள்.

"பாத்தியதைன்னா என்னங்க?"

"உரிமைம்மா. இனிமே உங்களுக்கு இல்லன்னு அர்த்தம்."

"சரி. அப்பிடித்தான் சொல்லியிருந்தேன்" என்று பேனாவை வாங்கினாள்.

எல்லையம்மாள், க/பெ வீரையன். 1997 செப்டம்பர் 15, திங்கட்கிழமை.